உப்பு வண்டியும் கணிப்பொறியும்

இராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தொண்டிக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? தேவிபட்டினத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் உப்பூர் என்னும் ஊர் வரும். வலப்புறம் பாக் நீரிணை. ஊருக்குள் வெயிலுகந்த விநாயகர் கோயில். இராமேசுவர யாத்திரை செல்வோர் பலர் இங்கு இறங்கி வணங்கிவிட்டுத்தான் மேலே செல்வர். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல்நீரும் கடும் வெயிலும் மிகுந்த இம்மாவட்டத்துக்கு உப்பு பழைய செல்வமாகும். தமிழ்நாடு அரசு 1974-இல் தொடங்கிய உப்புக் கழகமும் இம்மாவட்டத்தின் வாலிநோக்கம் பகுதியில்தான் உப்பு விளைவிக்கிறது.

விளைந்த உப்பைக் கரையிலேயே வைத்திருந்தால் பயனில்லை. உள்நாட்டு ஊர்களுக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். சங்க காலத்தில் இந்தப் பணியைச் செய்தவர்கள் உமணர்கள். உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களுடன், கூட்டம் கூட்டமாக அவர்கள் நெடுவழி சென்றதைச் சங்கப் பாடல்கள் பல காட்டுகின்றன. உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர்.

அவர்களைப் பற்றிய செய்திகளுள் ஒன்று பொறியியல் படிக்கும் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். வண்டியின் அடிப்பகுதியில் அவர்கள் இன்னோர் அச்சையும் கட்டி எடுத்துச் செல்வார்களாம். மேடு பள்ளத்தில் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள அது உதவும். புறநானூறு அதனைச் 'சேம அச்சு' என்று குறிப்பிடுகிறது. இன்று நாம் 'ஸ்பேர்' என்று சொல்லும் மாற்று உறுப்பின் பழந்தமிழ்ப் பெயர் அது. இந்தச் சேம அச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் அது மீண்டும் வரும்.

உமணருக்கு ஒரு வசதி இருந்தது. உப்பு என்றால் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அளவும் விலையும் பேசி முடித்தால் போதும். ஆனால், வாங்குபவர் அதுவரை கண்டிராத ஒரு பொருளை, எதற்குப் பயன்படும் என்றே தெரியாத ஒரு பொறியை விற்க வேண்டுமானால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததுதான் தொழில்நுட்பத் துறையின் விற்பனை மேலாளர் என்னும் பதவி. அதன் வரலாற்றைத்தான் இங்குக் காணப்போகிறோம்.

பணப்பெட்டியில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்தி வந்தார். கடைப் பணியாளர்கள் வரவுப் பணத்தில் ஒரு பகுதியைத் தம் பையில் போட்டுக்கொள்வது அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. ஒருமுறை கப்பலில் சென்றபோது, கப்பலை உந்தும் சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக் காட்டும் கருவியைக் கண்டார். ‘இதைப் போல் விற்பனைப் பணத்தையும் எண்ணிக் காட்டினால் என்ன?’ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1879-இல் பணம் பதியும் பொறி பிறந்தது.

பொறி பிறந்துவிட்டது, ஆனால் வாங்க ஆள் இல்லை. கடைக்காரர்கள், "கல்லாப்பெட்டி ஒன்று மரத்தில் செய்தால் போதாதா?" என்றனர். கடைப் பணியாளர்களோ, "எங்களைத் திருடர்கள் என்று சொல்லும் பொறி இது" என்று வெறுத்தனர்.

1884-இல் ஜான் பேட்டர்சன் என்பவர் இந்தத் தொழிலை விலைக்கு வாங்கி, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். பேட்டர்சன் பொறியாளர் அல்லர். பொறியைச் செய்வதைவிட, அது ஏன் தேவை என்று கடைக்காரருக்குப் புரியவைப்பதுதான் கடினமான வேலை என்பதை அவர் கண்டுகொண்டார். அவருடைய நிறுவனத்தில் மிகச் சிறந்த விற்பனையாளர் தம் பேச்சை எப்படித் தொடங்குகிறார், எப்படி முடிக்கிறார் என்பதை எழுதி வாங்கி, 1887-இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டு எல்லா விற்பனையாளர்களுக்கும் கொடுத்தார். பின்னர் விற்பனையாளர்களுக்கென்றே ஒரு பள்ளியையும் நடத்தினார்.

அந்நூல் கற்பித்த முதல் பாடம் என்ன தெரியுமா? பொறியைப் பற்றிப் பேசாதே. கடைக்காரரின் கடையைப் பற்றிப் பேசு என்பதுதான். கடனுக்குக் கொடுத்ததை எழுத மறந்தால் எவ்வளவு நட்டம்? சில்லறை தவறாகக் கொடுத்தால் எவ்வளவு நட்டம்? இவற்றைக் கடைக்காரரின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பொறியை இயக்கிக் காட்ட வேண்டும்.

பேட்டர்சன் இன்னும் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஓர் எல்லையை வகுத்துக் கொடுத்தார். அந்த எல்லைக்குள் விற்கும் பொறிக்கெல்லாம் தரகு அவருக்கே உரியது. அடுத்து, ஆண்டுக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று ஓர் இலக்கை வைத்தார். எல்லை, இலக்கு, பயிற்சி, செய்முறை விளக்கம் ஆகிய இந்த நான்கும் இன்றளவும் தொழில்நுட்ப விற்பனையின் நான்கு தூண்களாக இருக்கின்றன. 1911-க்குள் அந்நிறுவனம் பத்து இலட்சம் பொறிகளை விற்றுவிட்டது.

இலக்கின் மறுபக்கம்

இந்தக் கதையில் நிழலும் உண்டு. அதை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவது முறையாகாது.

தாமஸ் வாட்சன் என்ற இளைஞர் 1890-களில் இந்நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். விரைவில் மேலே உயர்ந்தார். அந்நாளில் பழைய பணப்பொறிகளை வாங்கிச் செப்பனிட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் வியாபாரிகள் பலர் இருந்தனர். புதிய பொறியின் விற்பனைக்கு அவர்கள் இடையூறாக இருந்தனர். எனவே, நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு, ஆனால் நிறுவனத்தின் பெயர் வெளியே தெரியாமல், தனி வியாபாரி போல வாட்சன் கடை திறந்தார். போட்டியாளரைவிட அதிக விலைக்குப் பழைய பொறிகளை வாங்கி, குறைந்த விலைக்கு விற்று, அவர்களைத் தொழிலை விட்டே விரட்டினார்.

விளைவு, நீதிமன்றம்! போட்டியை ஒழிக்கச் சதி செய்ததாக 1913-இல் பேட்டர்சனும் வாட்சனும் வேறு பல அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் 1915-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர்கள் சிறை செல்லவில்லை. ஆயினும் ஒரு பாடம் மிஞ்சியது. இலக்கு ஒன்றையே கண்ணாகக் கொண்டால் திறமையுள்ளவரும் வழிதவறக் கூடும் என்பதே அது.

இதற்கிடையே, 1914-இல் வாட்சன் வேறொரு நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பேற்றார். அந்நிறுவனம் தராசுகளையும், பணியாளர் வருகை பதியும் கடிகாரங்களையும், துளை அட்டைப் பொறிகளையும் செய்து வந்தது. துளை அட்டைப் பொறி என்பது ஹெர்மன் ஹோலரித் அமைத்தது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அதைக் கொண்டுதான் கணக்கிட்டனர். அட்டையில் உள்ள ஒவ்வொரு துளையும் ஒரு செய்தியைக் குறிக்கும். வயது, தொழில், பிறந்த இடம் முதலியவற்றை இவ்வாறு துளைகளாக்கி, பொறியால் எண்ணிவிடலாம். 1924-இல் அந்நிறுவனம் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றம் பெற்றது. ஆம், பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய கணிப்பொறி நிறுவனமாக வளர்ந்த அதே ஐ.பி.எம்.தான்.

பேட்டர்சனிடம் கற்ற விற்பனை முறைகளை வாட்சன் இங்கே கொண்டுவந்தார். அத்துடன் ஒரு முக்கியமான வேறுபாடும் இருந்தது. ஐ.பி.எம். தன் பொறிகளை விற்கவில்லை; வாடகைக்கு விட்டது. மாதந்தோறும் வாடகை வரும். அட்டைகளையும் அந்நிறுவனமே விற்கும். பழுது பார்க்கும் பொறுப்பும் அதனுடையதே. வாங்குபவருக்கும் இதில் வசதி உண்டு. ஆனால், ஒருமுறை கணக்குகளை அந்த முறைக்கு மாற்றிவிட்டால், பிறகு விலகுவது கடினம். 1956-இல்தான், அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கின் முடிவில், பொறிகளை விலைக்கு விற்கவும் ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் கணிப்பொறி

ஐ.பி.எம். 1951-இல் இந்தியாவுக்கு வந்தது. முதலில் துளை அட்டைப் பொறிகள், பின்னர் கணிப்பொறிகள். 1959-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட 1401 என்னும் கணிப்பொறி 1960-களில் இந்தியாவுக்கும் வந்தது. தொழில் நிறுவனங்கள், இரயில்வே மண்டலங்கள், ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆகியவை அதை வாடகைக்கு எடுத்தன. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, பாலிசிக் கணக்கு ஆகியவையே அதன் பெரும்பாலான வேலை. தமிழ்நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973-இல் ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி வந்தது. ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் அட்டைக் கட்டுகளைக் கையில் ஏந்தி வரிசையில் நின்ற காலம் அது.

அக்காலத்தில் ஒரு கணிப்பொறியை விற்பது என்றால் என்ன? இன்று நாம் கடைக்குச் சென்று தொலைபேசி வாங்குவது போன்றதன்று அது. முதலில் அந்த அலுவலகத்தின் வேலைமுறையை மாதக்கணக்கில் ஆராய வேண்டும். எந்தக் கணக்கைப் பொறிக்கு மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று பிரிக்க வேண்டும். பொறிக்கெனக் குளிரூட்டப்பட்ட அறை, தடையில்லா மின்சாரம், நிரல் எழுதுவோர், அட்டை துளைப்போர் என எல்லாவற்றுக்கும் திட்டம் வகுக்க வேண்டும். இவை அனைத்துக்கும் பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்.

மறுபுறம், ஊழியர்களின் அச்சமும் இருந்தது. ‘பத்துப் பேர் செய்யும் வேலையை ஒரு பொறி செய்தால் மற்றவர் என்ன ஆவது?’ என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலகத்தில் கணிப்பொறி நிறுவுவதை ஊழியர்கள் 1960-களின் பிற்பகுதியில் தடுத்து நிறுத்தினர். இச்சிக்கலை ஆராய மத்திய அரசு 1969-இல் பொருளியல் அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வேலையற்றோர் மிகுந்த ஒரு நாட்டில் அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கடைப் பணியாளர் பணப்பொறியைக் கண்டு சினந்ததும், இந்திய எழுத்தர் கணிப்பொறியைக் கண்டு அஞ்சியதும் ஒரே காரணத்தால்தான். பொறியை வாங்குபவர் ஒருவர். அதனால் பாதிக்கப்படுபவர் வேறொருவர். நல்ல விற்பனை மேலாளர் இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வங்கிகளில் இதற்கு ஒரு வழி பேச்சுவார்த்தையால் பிறந்தது. 1983-இல் வங்கி நிருவாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. எத்தகைய பொறிகளை, எவ்வளவு எண்ணிக்கையில் வைக்கலாம் என்று அதில் வரையறுத்தனர். அதன் பின்னர் வங்கிக் கிளைகளுக்கு வந்தவற்றைக் கணிப்பொறி என்றே அழைக்கவில்லை. பேரேடு பதியும் பொறி என்றுதான் அழைத்தனர்!

சேம அச்சு

இப்போது உமணரின் சேம அச்சுக்கு வருவோம்.

1973-இல் இந்திய நாடாளுமன்றம் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. இதன்படி, இந்தியாவில் தொழில் செய்யும் அயல்நாட்டு நிறுவனங்கள் பல தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் நிறுவனமான ஐ.சி.எல். இதை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம். ஏற்கவில்லை. தன் தொழிலின் முழு உரிமையும் தன்னிடமே இருக்க வேண்டும் என்றது. மேலை நாடுகளில் பழையதாகிவிட்ட பொறிகளைச் செப்பனிட்டு இங்கு வாடகைக்கு விடுகிறது என்ற குறையும் அதன் மீது நாடாளுமன்ற வட்டாரங்களில் சொல்லப்பட்டது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின், 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது.

வாசகர்களே, அந்தக் கணிப்பொறிகளை நம்பியிருந்த ஓர் அலுவலகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளமே பொறியில்தான் கணக்கிடப்படுகிறது. பொறி பழுதானால் வந்து பார்க்கும் நிறுவனம் நாட்டிலேயே இல்லை. அச்சு முறிந்தால் மாற்று அச்சுக்கு எங்கே போவது?

நல்வேளையாக, இந்திய அரசு இதை முன்னரே எண்ணியிருந்தது. 1975 டிசம்பரில் கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் என்னும் பொதுத்துறை நிறுவனத்தை அது தொடங்கியிருந்தது. சி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்நிறுவனம், நாடெங்கும் இருந்த ஐ.பி.எம். பொறிகளின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர்கள் பலர் இதில் சேர்ந்தனர். தாம் செய்யாத பொறிகளை, செய்தவர் உதவியின்றி, ஆண்டுக்கணக்கில் ஓடச் செய்தனர்.

பிறர் பொறியைப் பழுது பார்க்கும் வேலை சிறுமையானது என்று சிலர் நினைக்கக் கூடும். உண்மை வேறு. பழுது பார்ப்பவர் எல்லா அலுவலகங்களுக்கும் செல்கிறார். எங்கே என்ன குறை என்று அவருக்குத்தான் தெரியும். பழுது பார்க்கப் பிறந்த சி.எம்.சி.தான் பின்னர் இரயில் பயணச்சீட்டு முன்பதிவைக் கணிப்பொறியில் அமைத்துக் கொடுத்தது. 1986-இல் தில்லியில் அது நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து சென்னை முதலிய நகரங்களுக்கும் பரவியது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் ஒருவர் ஒரே சன்னலில் நின்று எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறும் வசதி இவ்வாறுதான் பிறந்தது. சி.எம்.சி. 2001-இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறி, 2015-இல் டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

கடற்கரைச் சிற்றூரிலிருந்து

ஐ.பி.எம். சென்றதால் ஏற்பட்ட வெற்றிடத்தில் இந்திய நிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றின் கதை நமக்கு நெருக்கமானது. உப்பூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே வெகுதொலைவு சென்றால் திருச்செந்தூர் வரும். அதை அடுத்த மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945-இல் பிறந்தவர் சிவ் நாடார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தார். தில்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கணிப்பான் பிரிவில் பணியாற்றினார்.

1976-இல் நண்பர்கள் சிலருடன் அந்த வேலையை விட்டு வெளியேறினார். ஏறத்தாழ 1,87,000 ரூபாய் முதலீடு. கணிப்பொறி செய்ய இது எம்மாத்திரம்? எனவே முதலில் மேசைக் கணிப்பான்களை விற்றனர். அதில் கிடைத்த வருவாயைக் கொண்டும், உத்தரப் பிரதேச அரசு நிறுவனத்தின் 26 விழுக்காட்டுப் பங்குடனும் இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட், அதாவது எச்.சி.எல்., உருவாயிற்று. ஐ.பி.எம். வெளியேறிய அதே 1978-இல் 8சி என்னும் சிறு கணிப்பொறியை அது வெளியிட்டது. நுண்செயலி என்னும் சிறு சில்லை மையமாகக் கொண்ட பொறி அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் முதலில் கணிப்பொறியைச் செய்துவிட்டு, பிறகு வாங்குவோரைத் தேடவில்லை. கணிப்பான் விற்கச் சென்ற அலுவலகங்களில் என்ன கணக்கு நடக்கிறது, எங்கே தாமதமாகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். விற்பனை அவர்களுக்கு வருவாயாக மட்டுமன்றி ஆய்வாகவும் அமைந்தது. அடுத்து, பொறியை வாங்கியவரிடம் அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை என்ற குறையும் தெரிய வந்தது. எச்.சி.எல்.லில் பணியாற்றியவர்கள் சிலர் 1981-இல் என்.ஐ.ஐ.டி. என்னும் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் நம் நகரங்கள் பலவற்றில் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்கள் தோன்றியதற்கு இது ஒரு முன்னோடியாகும்.

1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. விலைகள் இறங்கத் தொடங்கின. 1992-இல் டாட்டா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து ஐ.பி.எம்.மும் இந்தியாவுக்குத் திரும்பியது.

மேலாளரின் கணக்கு

விற்பனை மேலாளர் நாள்தோறும் என்னதான் செய்கிறார்? ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஆண்டுக்கு 12 கணிப்பொறிகள் விற்க வேண்டும் என்பது இலக்கு. விலைக் குறிப்புப் பெறும் ஐந்து அலுவலகங்களில் ஒன்றுதான் வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 60 விலைக் குறிப்புகள் தேவை. நேரில் சென்று பார்க்கும் நான்கு அலுவலகங்களில் ஒன்றுதான் விலைக் குறிப்புக் கேட்கும் என்றால், 240 அலுவலகங்களுக்குச் செல்ல வேண்டும். மேலாளரிடம் ஐந்து விற்பனையாளர்கள் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் 48 அலுவலகம், மாதத்துக்கு நான்கு. எளிதுதானே?

இல்லை. முதல் சந்திப்பிலிருந்து ஒப்பந்தம் வரை ஆறு மாதம் ஆகிறது என்று கொள்ளுங்கள். ஆண்டின் பிற்பாதியில் தொடங்கும் பேச்சு அந்த ஆண்டுக் கணக்கில் சேராது. எனவே 48 அலுவலகங்களையும் முதல் ஆறு மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும், மாதத்துக்கு எட்டு! முன்கூட்டித் திட்டமிடாத மேலாளர் ஆண்டு இறுதியில் தவிப்பார். தேவையில்லாதவர் தலையில் பொறியைக் கட்டும் சபலம் அப்போதுதான் பிறக்கிறது.

இன்னொரு கணக்கு. 1980-இல் பாக் நீரிணைக் கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்ததாகக் கற்பனை செய்வோம். உறுப்பினர் 300 பேர். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இரண்டு பதிவுகள்: கொண்டுவந்த மீனின் எடை, கொடுத்த பணம். மாதம் 25 நாள் என்றால் 15,000 பதிவுகள். ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம். ஆக 250 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் எழுதும் எழுத்தர் மாதத்தில் 150 மணி நேரம் எழுதுவார். இரண்டு எழுத்தர்கள் போதும். இந்தச் சங்கத்துக்குப் பெரும் விலை கொடுத்துக் கணிப்பொறி தேவையா? தேவையில்லை. பொறி வந்தாலும் சீட்டைப் பார்த்து ஒருவர் பதிந்தே ஆக வேண்டும். உப்புக் காற்று வேறு உலோகத்தை அரித்துவிடும்.

ஆனால் இத்தகைய 40 சங்கங்கள் ஓர் இணையத்தின் கீழ் இருந்தால்? மாதம் 6,00,000 பதிவுகள். எல்லாவற்றையும் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். கணக்கு முடியாமல் வலை வாங்கக் கடன் கிடைக்காது. வலையில்லாமல் கடலுக்குப் போக முடியாது. இங்கே கணிப்பொறி உண்மையிலேயே உதவும்.

ஆகவே, சங்கத்திடம் "உங்களுக்கு வேண்டாம்" என்றும், இணையத்திடம் "உங்களுக்கு வேண்டும்" என்றும் சொல்லத் தெரிந்தவரே சிறந்த விற்பனை மேலாளர். முதல் சொல்லால் அவர் ஒரு விற்பனையை இழக்கிறார். ஆனால் அவருடைய இரண்டாவது சொல்லைப் பிறர் நம்புவதற்கு அந்த முதல் சொல்லே காரணமாகிறது. இன்று கணிப்பொறியின் விலை இறங்கி, அதே சிறு சங்கமும் தன் கணக்கை ஒரு கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். விடை மாறிவிட்டது. ஆனால் "இது உமக்குத் தேவையா?" என்னும் கேள்வி மாறவில்லை.

வாங்குபவரின் மொழி

கடைசியாக ஒன்று. பொறி வாங்குபவரின் மொழியைப் பேச வேண்டும். விற்பவரும் பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்று குடியேறிய ஆர். முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழிகண்டவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், தமிழுக்கோ 247. இத்தனையையும் ஒரு சிறு விசைப் பலகையில் அடக்குவது எப்படி? எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து, புள்ளி போன்ற குறிகளுக்கு, தட்டினாலும் தாள் நகராத விசைகளை அவர் அமைத்தார். அப்பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. எழுத்துச் சிக்கலைத் தீர்த்த பிறகே விற்பனை பிறந்தது. கணிப்பொறிக் காலத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விசைப் பலகையை விற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் பொது விசைப் பலகை வரையறுக்கப்பட்டது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களில் சிலர், ‘தொழில்நுட்பத் துறையில் விற்பனை வேலை ஆங்கிலம் சரளமாகப் பேசுவோருக்கே உரியது’ என்று ஒதுங்குவதுண்டு. ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் படகில் திசைகாட்டும் மின்னணுக் கருவியைப் பொருத்த விரும்பும் மீனவருக்கும், சொட்டுநீர்க் குழாய் அமைக்க விரும்பும் உழவருக்கும், கருவி எப்படி இயங்குகிறது என்று அவர்தம் சொற்களில் விளக்குபவரே தேவை. அறிவியலைத் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகிய ஒருவருக்கு அங்கே குறையில்லை.

நீங்கள் விற்பவராக வராமல், வாங்குபவராகவே இருக்கலாம். அப்போதும் இவ்வரலாறு பயன்படும். வீட்டுக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ ஒரு பொறி வாங்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த வேலையை எளிதாக்கும்? அந்த வேலையை இப்போது செய்பவர் என்ன ஆவார்? இயக்கக் கற்றுக்கொடுப்பவர் யார்? மொத்தச் செலவு எவ்வளவு. விலை மட்டுமன்று, ஆண்டுதோறும் ஆகும் செலவும் சேர்த்து? நாளை வேறொன்றுக்கு மாற விரும்பினால் என் கணக்குகளை எடுத்துச் செல்ல முடியுமா?

இவற்றோடு, உப்பு வண்டி ஓட்டிய உமணர் பயணம் புறப்படுமுன் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியையும் கேளுங்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்று அச்சு எங்கே இருக்கிறது? இதற்கு நேரான விடை தருபவரிடம் பொறியை வாங்கலாம்.